தொட்டிலைப் பள்ளியாகக் கண்ட அம்மையார்

மாண்டிசோரி என்னும் பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் இரார். புதுச்சேரிக்கோ விழுப்புரத்துக்கோ பேருந்தில் செல்லும்போது, அப்பெயரைத் தாங்கிய மழலையர் பள்ளிப் பலகைகள் கண்ணில் படுகின்றன. ஆனால் அது ஒரு பெண்மணியின் பெயர் என்பதைப் பலர் அறியார். அந்த அம்மையார் தம் முதுமையில் பல ஆண்டுகளைச் சென்னையிலும் கொடைக்கானலிலும் கழித்தார் என்பதும், கைக்குழந்தையின் மனத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் முதன்முதலில் அச்சேறியது சென்னை அடையாற்றில்தான் என்பதும் இன்னும் சிலருக்கே தெரிந்த செய்திகள்.

அவரது வாழ்க்கையை இம்மலரில் எடுத்துரைக்க முன்வந்ததற்குக் காரணம் உண்டு. நம் நெட்டப்பாக்கம் கொம்யூனில், தாய் நடவுக்கும் தந்தை கரும்பு வெட்டுக்கும் சென்றபின், கைக்குழந்தை பாட்டியின் மடியிலோ அக்காளின் இடுப்பிலோதான் வளர்கிறது. அப்படிப்பட்ட அக்காள்மார் பலர் நம் பள்ளியிலேயே பயில்கின்றனர். குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது ஒரு வேலையா, அல்லது அதனினும் பெரிதா என்ற கேள்விக்கு, மரியா மாண்டிசோரி அம்மையாரின் வாழ்க்கை விடை கூறுகிறது.

மருத்துவரான மங்கை

மரியா 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெஸ்ஸாண்ட்ரோ அரசு அலுவலர். தாய் ரெனில்டே நூல் பல கற்றவர். மரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் உரோமை நகருக்குக் குடியேறியது. பெண்கள் படித்தால் ஆசிரியைப் பணிக்குப் படிக்கலாம், அதற்குமேல் என்ன என்று ஊரார் எண்ணிய காலம் அது. மரியாவோ 13 வயதில் ஆண்பிள்ளைகள் பயிலும் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் படிக்க விரும்பினார். தந்தைக்கு அதில் விருப்பமில்லை. தாயே துணை நின்றார்.

உரோமைப் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவருடன் சேர்ந்து பிரேதப் பரிசோதனை பயில அவருக்கு இடமளிக்கவில்லை. மற்றவர் வீடு திரும்பிய பின், மாலை வேளையில், தன்னந்தனியாக அந்த அறையில் நின்று அவர் பயின்றார். 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதல் சில பெண்களுள் அவர் ஒருவர்.

பட்டம் பெற்றபின் உரோமையின் மனநோய் விடுதிகளுக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அறிவு வளர்ச்சி குன்றியவர் என்று ஒதுக்கப்பட்ட சிறுவர் சிறுமியரைப் பெரியவர்களோடு வெற்று அறைகளில் அடைத்து வைத்திருந்தனர். உணவு முடிந்ததும் அப்பிள்ளைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கி உருட்டுவதைக் கண்டு, காவலுக்கு இருந்தவர் அருவருப்புற்றார். மரியா அதை வேறு விதமாகக் கண்டார். அந்த அறையில் கையால் தொட்டுப் பார்க்க வேறு எந்தப் பொருளுமே இல்லை. பிள்ளைகளின் பசி வயிற்றுப் பசி அன்று, கைகளின் பசி என்பதை உணர்ந்தார்.

பிரெஞ்சு மருத்துவர்களான இட்டார், செகேன் ஆகியோரின் நூல்களைத் தேடிப் படித்தார். தொட்டும், அடுக்கியும், இழைத்தும் பார்க்கக்கூடிய பொருள்களை அமைத்துக் கொடுத்தார். ஒதுக்கப்பட்ட அப்பிள்ளைகளுள் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகள் எழுதிய தேர்விலேயே தேறினர். எல்லாரும் வியந்து பாராட்டினர். மரியாவின் மனத்திலோ ஒரு கேள்வி எழுந்தது. குறையுள்ள பிள்ளைகள் இவ்வளவு செய்ய முடியுமானால், குறையில்லாத பிள்ளைகள் ஏன் இதற்குமேல் செய்யவில்லை? அவர்களை நாம் எங்கே தடுத்து நிறுத்துகிறோம்?

பிரிந்திருந்த மகன்

அவரது வாழ்வின் பெருந்துயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1898-இல் மரியாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மாரியோ என்பது அதன் பெயர். உடன் பணியாற்றிய மருத்துவர் மொந்தெசானோ அக்குழந்தையின் தந்தை. ஆனால் அவர்களுக்குத் திருமணம் நிகழவில்லை. அக்காலச் சமுதாயத்தில் அப்படிப்பட்ட தாய் குழந்தையைத் தன்னுடன் வைத்துக்கொண்டால், அவள் படித்த படிப்பும் பார்த்த பணியும் அன்றோடு முடிந்துவிடும். குழந்தை உரோமைக்கு வெளியே நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தாய் அவ்வப்போது சென்று பார்த்து வந்தார். ஆனால் தாயென்று சொல்லிக்கொள்ளவில்லை.

மகன் முதன்முதல் சிரித்ததும், தவழ்ந்ததும், எழுந்து நடந்ததும் வேறொரு வீட்டு முற்றத்தில். குழந்தையின் முதல் ஆண்டுகளின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர், தம் சொந்த மகனின் முதல் ஆண்டுகளை இழந்தவர். மாரியோ ஏறத்தாழ 15 வயதில்தான் தாயிடம் வந்து சேர்ந்தார். அதன்பின் அவர் பெரிதும் தாயுடனேயே இருந்தார். தாயின் செயலராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வலக்கையாகவும் விளங்கினார். ஆயினும் நெடுங்காலம் வெளியுலகுக்கு அவர் உறவுப் பிள்ளை என்றும் வளர்ப்பு மகன் என்றுமே அறிமுகம் செய்யப்பட்டார்.

குழந்தைகள் இல்லம்

உரோமையில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குப் போனபின், பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடிச் சுவர்களைக் கிறுக்கி வந்தனர். அவர்களை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்குமாறு கட்டட நிறுவனத்தார் மரியாவைக் கேட்டனர். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, குழந்தைகள் இல்லம் அங்கே திறக்கப்பட்டது. சுமார் 50 குழந்தைகள் அழுக்குடையும் அழுத கண்ணுமாய் வந்து நின்றனர்.

மரியா அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை, அவர்களைக் கவனித்தார். ஒரு நாள் ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையிலுள்ள துளைகளில் அவற்றுக்குப் பொருந்தும் உருளைகளைச் செருகிக்கொண்டிருந்தாள். மற்றக் குழந்தைகளைச் சுற்றி நின்று பாடச் செய்தும் அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் கை நிற்கவில்லை. 40 முறைக்கும் மேலாகச் செருகிக் கழற்றிய பின், தூங்கி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்துடன் நிமிர்ந்தாள். குழந்தைக்குக் கவனம் நில்லாது என்று உலகம் சொல்லி வந்தது. தனக்கேற்ற வேலை கிடைத்தால் குழந்தையின் கவனம் தவசியின் கவனத்துக்குச் சமம் என்பதை மரியா கண்டார்.

அவர் எழுதிய நூல் 1909-இல் வெளிவந்தது. சில ஆண்டுகளில் அவர் பெயர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. ஆனால் தாமாக எண்ணிச் செயல்படும் பிள்ளைகளை சர்வாதிகாரிகள் விரும்புவதில்லை. முசோலினியின் ஆட்சியோடு ஒத்துப்போக இயலாமல் 1934-இல் அம்மையார் இத்தாலியை விட்டு வெளியேறினார். ஜெர்மனியில் நாஜிகள் அவரது பள்ளிகளை மூடினர். ஸ்பெயினில் வாழ்ந்தபோது 1936-இல் அங்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. கடைசியில் நெதர்லாந்து அடைக்கலம் தந்தது.

அடையாற்றுக்கு வந்த அம்மையார்

1939-ஆம் ஆண்டு நவம்பரில், பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று, அம்மையாரும் மாரியோவும் சென்னை வந்தனர். அவருக்கு அப்போது வயது 69. கத்தோலிக்கரான அவர் பிரம்மஞான சபையின் விருந்தினராகத் தங்கினார். எந்தச் சமயத்து வீட்டில் பிறந்தாலும் குழந்தை ஒரே விதமாகத்தானே தவழ்கிறது! அடையாற்றில் நடந்த முதல் பயிற்சிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 பேர் வந்தனர். அவர்கள் தங்க ஓலைக் கொட்டகைகள் போடப்பட்டன. அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்களை இரண்டாம் உலகப் போர் தடுத்துவிட்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசின் பார்வையில் இத்தாலியர் பகைநாட்டார் ஆயினர். மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தனர். அம்மையார் அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாதென்று ஆணை பிறந்தது. தாயும் மகனும் மீண்டும் பிரிந்தனர்.

அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அம்மையாருக்கு 70-ஆம் பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனையே திருப்பி அனுப்புவதாக அதில் கண்டிருந்தது. எத்தனையோ ஆண்டுகளாக வெளியே சொல்லப்படாத 'மகன்' என்ற உறவை அரசின் தந்தியே சொல்லிவிட்டது! மாரியோ விடுதலை பெற்று அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். இறுதியில் அம்மையார் எழுதிய உயிலிலும் அவரை மகன் என்றே குறித்தார்.

1942 முதல் 1944 வரை அவர்கள் கொடைக்கானலில் தங்கினர். அங்கே பல வயதுப் பிள்ளைகளுக்காகச் சிறு பள்ளி ஒன்றை நடத்தினர். முன்பு மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளையே பெரிதும் ஆராய்ந்த அம்மையாரின் பார்வை, இந்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளில் தொட்டிற் குழந்தையின் பக்கம் மேலும் திரும்பியது. தாய்மார் குழந்தையைத் தனியே விடாமல் சந்தைக்கும் வேலைக்கும் தூக்கிச் செல்வதை அவர் விரும்பிப் போற்றினார். சந்தையில் நடக்கும் பேரமும், வழியில் கேட்கும் பேச்சும், உறவினர் முகங்களும் குழந்தைக்குப் பாடங்கள் ஆகின்றன என்று விளக்கினார். தடை நீங்கியபின் அகமதாபாதில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளே 1949-இல் அடையாற்றில் நூலாக வெளிவந்தன. ஈர்த்துக்கொள்ளும் மனம் என்பது அந்நூற்பெயரின் பொருள்.

முதல் மூன்று ஆண்டுகள்

அந்நூல் சொல்லும் கருத்து எளியது. குழந்தை நாம் நிரப்ப வேண்டிய வெறுங்குடம் அன்று. தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் கொத்தனார் அது. கல்லும் மண்ணும் அது எடுப்பது தன்னைச் சுற்றியுள்ள நம்மிடமிருந்து. பிறந்து மூன்று ஆண்டுகளுக்குள் அதற்கு நடை, பேச்சு, நம்பிக்கை ஆகிய மூன்றும் வந்துவிடுகின்றன. பின்னால் எந்தக் கல்லூரியும் இவ்வளவு குறைந்த காலத்தில் இவ்வளவு பெரிய கல்வியைத் தருவதில்லை.

இது நம் முன்னோர் அறியாததும் அன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் திங்களாக வகுத்தனர். ஒரு கணக்கின்படி 5-ஆம் திங்களில் கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்தாடும் செங்கீரை, 7-இல் தால், 9-இல் கைகொட்டும் சப்பாணி, 11-இல் முத்தம், 13-இல் நடந்து வரும் வருகை, 15-இல் நிலவைக் காணும் அம்புலி. குழந்தை மருத்துவர் இன்று எழுதி வைக்கும் அட்டவணையும் இதை ஒட்டியே செல்கிறது. 2-ஆம் மாத அளவில் முகம் பார்த்துச் சிரிப்பு; 4-ஆம் மாதத்தில் தலை நிற்றல்; 6 முதல் 8 மாதத்துக்குள் உட்காருதல்; ஓராண்டை ஒட்டி நடையும் முதற்சொல்லும்; 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேச்சு; 3 வயதில் வாக்கியம். சில வாரம் முன்பின் ஆகலாம். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு வருந்த வேண்டியதில்லை.

முதலில் உடல். நடக்கப் பழகும் குழந்தை ஓரிடத்துக்குப் போய்ச் சேர நடப்பதில்லை, நடப்பதற்காகவே நடக்கிறது என்றார் அம்மையார். ஆகவே அவசரப்பட்டுத் தூக்கிவிடாமல் அதன் வேகத்துக்கு நாம் இறங்கி வர வேண்டும். நம் வீட்டு மர நடைவண்டியைப் பாருங்கள். குழந்தை தானே எழுந்து பிடித்துத் தன் காலால் தள்ளுகிறது. உட்கார வைத்து உருட்டும் இக்காலத்து வாக்கரோ நடையை விரைவில் தருவதில்லை, கவிழ்ந்து காயம் விளைவிப்பதும் உண்டு. கனடா நாடு 2004-இல் அதைத் தடையே செய்துவிட்டது.

அடுத்தது அறிவு. இரண்டு வயதுக்குள் மூளை, பெரியவர் மூளையின் அளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. கனடாவில் 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இந்தி மொழியின் நுண்ணிய ஒலிகளைப் பிரித்தறிந்தனர். ஓராண்டு நெருங்கும்போது அத்திறன் மங்கிவிட்டது. காதில் விழாத ஒலியைக் குழந்தை கைவிட்டுவிடுகிறது. நம் வீட்டில் வாழைப்பழம் என்னும் சொல் திருத்தமாக ஒலித்தால், இலக்கண வகுப்புக்கு நெடுநாள் முன்பே ழகரம் குழந்தையின் செவியில் குடியேறும். நாம் வாயப்பயம் என்றால் அதுவும் அவ்வாறே கற்கும். எனவே குழந்தையிடம் பேசுங்கள். குளிப்பாட்டும்போது சொம்பு, வெந்நீர், துண்டு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டுங்கள்.

பேச்சுக்குப் பதில் கைப்பேசியைக் காட்டிச் சோறூட்டும் வழக்கம் இன்று நம் கிராமங்களிலும் நுழைந்துவிட்டது. ஒரு வயதுக் குழந்தைக்கும் அதற்கு இளையவருக்கும் திரை வேண்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவித்தது. திரை பேசும், ஆனால் குழந்தை பதிலுக்குச் சிரித்தால் அது திரும்பிச் சிரிக்காது.

மூன்றாவது உள்ளம். 8, 9 மாதத்தில் குழந்தை வேற்றாளைக் கண்டு அழுதால், பிடிவாதம் என்று ஏசுகிறோம். உண்மையில் தன்னவர் யார் என்று அது பிரித்தறியக் கற்றுவிட்டது. அழுகை அந்த அறிவின் அடையாளம். வேறொரு நிகழ்ச்சியை அம்மையார் எடுத்துக்காட்டினார். விருந்தினர் ஒருவர் குடையை மேசைமேல் வைத்ததும் ஆறு மாதக் குழந்தை ஒன்று அழத் தொடங்கியது. குடையையே கேட்கிறது என்று கையில் கொடுத்தனர், அழுகை அடங்கவில்லை. தாய் குடையை அறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்ததும் குழந்தை அமைதியடைந்தது. குடைக்கு அது இடமன்று என்பதே அதன் வருத்தம்! ஒழுங்கான உலகம் ஒன்று தன்னைச் சுற்றி நிலைத்திருக்கிறது என்ற நம்பிக்கையே குழந்தைக்கு அடித்தளம். அடிக்கு அஞ்சி அடங்கும் குழந்தை ஒழுங்கைக் கற்பதில்லை, அச்சத்தைக் கற்கிறது.

ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடமிருந்தே தம் பணியைத் தொடங்கிய அம்மையாரை எண்ணும்போது இதையும் சொல்லத் தோன்றுகிறது. 5 மாதமாகியும் தலை நிற்காவிட்டாலும், 9 மாதமாகியும் உட்காராவிட்டாலும், ஓசைக்குத் திரும்பாவிட்டாலும், ஒன்றரை வயதாகியும் நடையோ சொல்லோ வராவிட்டாலும், தானே சரியாகும் என்று காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். காலத்தே கண்டறிந்தால் உதவி மிகுதி. மறைப்பதில் குழந்தைக்கே இழப்பு.

அவர் விதைத்தவை

அம்மையாரின் கருத்தை நம் நாட்டு மண்ணுக்கு ஏற்ப மாற்றியவர்களும் இருந்தனர். குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா பாவ்நகரில் குழந்தைப் பள்ளி நடத்தினார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக், விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதில் விதையும் கிளிஞ்சலும் களிமண்ணும் போதும் என்று காட்டி, மகாராஷ்டிரத்துச் சிற்றூர்களில் பால்வாடிகளை வளர்த்தார். 1975-இல் மத்திய அரசு தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்துக்கு முன்னோடிகளாய் நின்றவற்றுள் அத்தகைய முயற்சிகளும் அடங்கும். மாண்டிசோரி முறை வசதியுள்ளோருக்கே உரியது என்று இன்று பலர் எண்ணுகின்றனர். அது பிறந்தது ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் என்பதை மறக்கலாகாது.

1946-இல் ஐரோப்பா திரும்பிய அம்மையார் மறு ஆண்டு மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பயிற்சிகள் நடத்தினார். 1947-இல் உரோமையில், பிறந்த குழந்தை முதல் மூன்று வயது வரை பேணுவோருக்கெனத் தனிப் பயிற்சிப் பள்ளி ஒன்றும் உருவாயிற்று. நோபல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயர் மூன்று முறை முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் நெதர்லாந்தின் நோர்ட்வெய்க் என்னும் கடலோர ஊரில், தம் 81-ஆம் வயதில், மகன் உடனிருக்க இறைவனடி சேர்ந்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறையிலேயே துயில்கிறார். தம்மை வெளியேறச் செய்த இத்தாலி நாடே பின்னாளில், 1990-இல், ஆயிரம் லீரா நோட்டில் அவர் முகத்தைப் பொறித்து மகிழ்ந்தது.

அன்பு மாணவியரே! நடவுக்காலத்தில் தம்பியையோ தங்கையையோ இடுப்பில் சுமக்கும்போது, பொழுதை வீணாக்குகிறோம் என்று நினையாதீர்கள். உங்கள் முகம் அக்குழந்தைக்குப் பாடநூல். உங்கள் பேச்சு அதன் முதல் மொழி. பெற்றோரே! அந்த அக்காளும் இன்னும் பிள்ளைதான். தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை நிறுத்தி விடாதீர்கள். அங்கன்வாடியை நாடுங்கள்; தந்தையரும் ஒரு வேளை குழந்தையை ஏந்துங்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது நம் பழமொழி. அந்தப் பழக்கத்தைத் தருவது தொட்டில் அன்று. தொட்டிலை ஆட்டும் கைகள். அக்கைகளில் பொறுமையும் அன்பும் குடிகொள்ள உழைப்போமாக!